பிளாக் இல்லைன்னா ஹார்ட் நல்லாருக்குன்னு அர்த்தமா? மகாதமனி வால்வு பத்தி கொஞ்சம் விரிவா

எங்க மாமா பாலக்கோடு மார்க்கெட்ல தக்காளி யாவாரம் பண்றவரு. 52 வயசு, பீடி சிகரெட் கிடையாது, சுகர் கிடையாது, கிரேட்டு கிரேட்டா அவரே தூக்கி வண்டியில அடுக்குவாரு. அவரு ஒரு நாள் தீர்த்தமலைக்கு ஏறிக்கிட்டு இருக்கும்போது பாதி வழியில அப்படியே சரிஞ்சு விழுந்துட்டாரு. ரெண்டு நிமிஷத்துல எழுந்து உக்காந்து தண்ணி குடிச்சாரு, ஒண்ணும் இல்லடா மாப்ள காலையில சாப்பிடல அதான்னாரு. நாங்களும் வெயிலு, விரதம், பித்தம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லி கீழ கூட்டிட்டு வந்தோம். மறுநாள் ஒரு கிளினிக்ல ஈசிஜி எடுத்தாங்க, நார்மல், பிளாக் எதுவும் தெரியல, பயப்படாதீங்கன்னு சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியிலயே எட்டு மாசம் போயிடுச்சு.

எட்டு மாசம் கழிச்சு ஊர்ல நடந்த ஒரு மருத்துவ முகாம்ல, பிபி பாக்கலாம்னுதான் போனாரு, அங்க இருந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்ப நெஞ்சுல வலது பக்கம் மேல வச்சாங்க, அப்புறம் கழுத்துல வச்சாங்க, திரும்ப நெஞ்சுல வச்சாங்க. "மூச்சு வாங்குதாங்க? எப்பவாச்சும் மயக்கம் வந்துச்சா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான், உடனே எக்கோ (இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன்) எடுங்க, வால்வுல சத்தம் கேக்குதுன்னு சீட்டு எழுதிட்டாங்க. அன்னைக்குத்தான் எங்க குடும்பத்துல மொதமொதலா மகாதமனி வால்வுங்கிற வார்த்தைய கேட்டோம். இதயத்துலருந்து உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டு போற பெரிய குழாய்தான் மகாதமனி, அதோட வாசல்ல இருக்கிற கதவுதான் இந்த வால்வு.

நம்ம பக்கம் ஹார்ட் பிரச்சனைன்னாலே எல்லாருக்கும் மனசுல வர்றது பிளாக்கு, ஸ்டென்ட்டு, பைபாஸு. அது இதயத்தோட தசைக்கு ரத்தம் கொண்டு போற குழாய்ல வர்ற அடைப்பு. வால்வு வேற விஷயம். ஈசிஜி காட்டுறது இதயத்துல ஓடுற மின்சாரத்த, அதுல வால்வு திறக்குதா மூடுதான்னு தெரியாது. வால்வு கெட்டு தசை தடிச்சு போயிருந்தா சில பேருக்கு ஈசிஜியில அதோட நிழல் தெரியும், பல பேருக்கு தெரியாது. அதனால ஈசிஜி நார்மல்னு வந்துட்டா ஹார்ட்டே நார்மல்னு எடுத்துக்கிறது எவ்வளவு பெரிய தப்புன்னு நான் அனுபவப்பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், அதுக்காகத்தான் இத உக்காந்து எழுதுறேன்.

நான் மோட்டார் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், கிணத்து மோட்டார், போர் மோட்டார் ரெண்டும். அதனால எனக்கு இது புரிஞ்ச விதத்துலயே சொல்றேன். கிணத்துல உறிஞ்சுற பைப்போட அடியில ஃபுட் வால்வு போடுவோம், போர்வெல்லா இருந்தா பம்புக்கு மேல என்ஆர்வி, அதாவது ஏத்தின தண்ணிய திரும்ப விடாத வால்வு. அதுக்கு கரண்ட் கிடையாது, ஸ்விட்ச் கிடையாது. மோட்டார் ஓடும்போது தண்ணி அழுத்தத்துல தானா திறக்கும், மோட்டார் நின்னா மேல நிக்கிற தண்ணியோட பாரத்துலயே தானா மூடிக்கும். மகாதமனி வால்வும் அதே மாதிரிதான். அதுக்குன்னு தனியா தசை கிடையாது. இதயத்தோட இடது கீழ் அறை சுருங்கும்போது உள்ள அழுத்தம் ஏறி, வெளிய மகாதமனியில இருக்கிற அழுத்தத்த தாண்டின உடனே மூணு இதழும் விலகி வழி விடும். அறை தளர்ந்த உடனே மகாதமனியில இருக்கிற ரத்தம் திரும்பி வரப் பாக்கும், அந்த ரத்தமே இதழ்களோட பைக்குள்ள நிறைஞ்சு மூணையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சு மூடிடும்.

மூணு இதழும் பாதி நிலா வடிவம். வால்வோட மொத்த அகலமே இப்ப புழங்குற ஒரு ரூபா காசு அளவுதான், ஒவ்வொரு இதழும் ஒரு மில்லிமீட்டர் கனம் கூட இருக்காது. ஆனா அது பண்ற வேலைய கணக்கு போட்டு பாருங்க. நிமிஷத்துக்கு 70 தடவைன்னு வச்சா ஒரு நாளைக்கு 1 லட்சம் தடவை திறந்து மூடுது, வருஷத்துக்கு மூணரை கோடிக்கு மேல. ஒவ்வொரு தடவையும் 70 மில்லி கிட்ட ரத்தம் அது வழியா போகுது, ஒரு நாளைக்கு 7000 லிட்டர், நம்ம ஊர்ல கோடையில வர்ற டிராக்டர் டேங்கர் ஒண்ணுக்கு மேலயே இருக்கும். என் கடையில அஞ்சு வருஷம் தாங்கின ஃபுட் வால்வ பாத்தாலே நல்ல வால்வுன்னு சொல்லுவேன், இது 70, 80 வருஷம் வாசர் மாத்தாம ஓடுது.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது ஒண்ணு இருக்கு. வால்வுக்கு கொஞ்சம் மேல, மகாதமனி சுவர்ல ஒவ்வொரு இதழுக்கும் பின்னாடி ஒரு சின்ன புடைப்பு இருக்கு, இத்தாலிக்காரரு வால்சால்வா பேர்ல அத சொல்றாங்க. அந்த புடைப்புல ரத்தம் சுழிச்சு சுத்தும், அந்த சுழிதான் இதழ மெதுவா மூட வைக்குதுன்னு லியோனார்டோ டா வின்சி 1513 வாக்கிலயே வரைஞ்சு வச்சிருக்காரு. கண்ணாடியில மகாதமனி மாதிரி செஞ்சு, தண்ணியில புல்லு விதைய கலந்து ஓட விட்டு சுழி எப்படி வருதுன்னு பாக்கலாம்னு குறிப்பு எழுதியிருக்காரு. 1960கள்லதான் ஆக்ஸ்ஃபோர்டுல சோதனை பண்ணி அது சரிதான்னு காட்டினாங்க. இன்னொண்ணு, இதயத்தோட சொந்த தசைக்கு ரத்தம் கொண்டு போற ரெண்டு குழாயும் இந்த புடைப்புலதான் ஆரம்பிக்குது. அதாவது இதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்பிட்டு, வால்வு மூடினதுக்கு அப்புறம், ஓய்வுல இருக்கும்போதுதான் தனக்குன்னு பெரும்பங்கு ரத்தத்த எடுத்துக்குது. அதனால இந்த வால்வு கெட்டா அடி ரெண்டு பக்கமும் விழும், உடம்புக்கும் ரத்தம் குறையும், இதயத்துக்கும் குறையும்.

வால்வு கெடுறது ரெண்டு விதம். ஒண்ணு சரியா மூடாம ஒழுகுறது, இன்னொண்ணு சரியா திறக்காம சுருங்கிப் போறது. சில பேருக்கு ரெண்டும் சேந்தே இருக்கும்.

ஒழுகல புரிஞ்சுக்கிறது சுலபம். ஃபுட் வால்வுல ஒரு சின்ன கல்லு மாட்டிக்கிட்டா என்ன ஆகும், மேல ஏத்தின தண்ணி திரும்ப கிணத்துக்கே இறங்கிடும், மறுபடி மறுபடி அதையே ஏத்தணும். இதயமும் அனுப்பின ரத்தத்துல ஒரு பங்க திரும்ப வாங்கிக்கிட்டு அடுத்த தடவை அதையும் சேத்து தள்ளுது, அதனால அறை கொஞ்சம் கொஞ்சமா பெருசாகி விரிஞ்சுக்கிட்டே போகும். பிபி பாத்தா மேல் எண் அதிகமாவும் கீழ் எண் ரொம்ப கம்மியாவும் இருக்கும், கழுத்துல நாடி துள்ளுறது கண்ணுக்கே தெரியும். இது மெதுவா வந்தா பல வருஷம் உடம்பு தாங்கிக்கும். ஆனா வால்வுல கிருமி தொத்தி இதழ் திடீர்னு ஓட்டையானா தாங்காது. 2017 நவம்பர்ல கேஆர்பி டேம் ஷட்டர் ஒண்ணு உடைஞ்சு தண்ணி போனப்ப கிருஷ்ணகிரியே பதறிச்சே, அந்த மாதிரி அவசரம் அது, மணிக்கணக்குல நுரையீரல்ல நீர் கோத்துக்கும்.

மாமாவுக்கு வந்தது ரெண்டாவது வகை, சுருக்கம். நல்ல வால்வு திறந்தா 3லருந்து 4 சதுர சென்டிமீட்டர் வழி இருக்கும். அது 1 சதுர சென்டிமீட்டருக்கு கீழ வந்தா கடுமையான சுருக்கம்னு சொல்றாங்க. மாமாவுக்கு எக்கோவுல 0.7. கேட் வால்வ முக்கால்வாசி மூடி வச்சுட்டு மோட்டார் ஓட்டுற மாதிரிதான், வால்வுக்கு இந்த பக்கம் பிரஷர் ஏறும், அந்த பக்கம் தண்ணி நூலா வரும். கையில பிபி 120 காட்டும்போது இதயத்துக்குள்ள 180, 200னு அழுத்தம் இருக்கும், அது பிபி மிஷின்ல தெரியவே தெரியாது. இங்கதான் மோட்டார் உதாரணம் நின்னு போகுது. ஏன்னா மோட்டார் வளராது, இதயம் தசை, அது பாரம் தூக்குறவன் கை மாதிரி தடிச்சுக்கிட்டே போகும். தடிச்சு தடிச்சு பல வருஷம் ஈடு குடுத்துடும். இந்த காலம் பூரா மனுசனுக்கு ஒண்ணுமே தெரியாது, கிரேட்டு தூக்குவாரு, களி சாப்பிடுவாரு, நல்லா தூங்குவாரு.

அப்புறம் ஒரு கட்டத்துல ஈடு குடுக்க முடியாம போகும். அப்பதான் மூணுல ஒண்ணு வெளிய வரும்: மேடு ஏறும்போது நெஞ்சு பிடிக்கிறது, வேலை செய்யும்போது மயக்கம், இல்லன்னா மூச்சு வாங்குறது. நெஞ்சு வலிக்கு ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கணும்னே இல்ல, தடிச்ச தசைக்கு வேண்டிய ரத்தம் பத்தலைன்னாலே வலிக்கும். மயக்கம் ஏன்னா, மேடு ஏறும்போது கால் தசையில ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சு ரத்தத்த கேக்கும், சுருங்கின வால்வு வழியா அதுக்கு மேல அனுப்ப முடியாது, பிபி விழுந்துடும், மூளைக்கு போறது குறைஞ்சுடும், ஆளு விழுந்துடுவாரு. படுத்த உடனே ரத்தம் தலைக்கு போயி எழுந்துக்குவாரு. தீர்த்தமலையில நடந்தது இதேதான், விரதமும் இல்ல வெயிலும் இல்ல.

1968ல ஜான் ராஸ், யூஜின் பிரான்வால்ட்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க எழுதின ஒரு கட்டுரை இன்னைக்கும் எல்லா இதய டாக்டருக்கும் மனப்பாடம். சுருங்கின வால்வ சரி பண்ணாம விட்டா, நெஞ்சு வலி ஆரம்பிச்சதுலருந்து சராசரியா 5 வருஷம், மயக்கம் வந்ததுலருந்து 3 வருஷம், மூச்சுத்திணறலோட இதயம் தளர ஆரம்பிச்சா 2 வருஷம், அவ்வளவுதான் ஆயுசுன்னு அவங்க போட்ட கோடு. அத படிச்ச ராத்திரி எனக்கு தூக்கம் வரல. மாமாவோட 3 வருஷத்துல எட்டு மாசத்த நாங்க பித்தம்னு சொல்லி செலவு பண்ணியிருக்கோம்.

சரி, சுருக்கம் எதனால வருது? வயசானவங்களுக்கு இதழ்ல கால்சியம் படிஞ்சு கல்லு மாதிரி ஆகிறதுதான் அதிகம். இத சொன்ன உடனே எங்க அத்தை, நம்ம ஊரு போர் தண்ணியாலதான்னு ஒரே பிடியா நின்னாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, தருமபுரி கிருஷ்ணகிரி தண்ணி பத்தி நமக்கு தெரியாதா, ஃப்ளோரைடால பல்லு கறையாகி முதுகு வளைஞ்சவங்கள பாத்து வளந்தவங்க நாம, ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் வந்ததே அதுக்காகத்தான். என் கடைக்கு வர்ற பைப்ப வெட்டினா உள்ள வெள்ளை வெள்ளையா உப்பு அடைச்சிருக்கும். ஆனா வால்வுல நடக்கிறது அந்த மாதிரி படிவு இல்ல. குடிச்ச தண்ணில இருந்தோ, வெத்தலைக்கு போடுற சுண்ணாம்புல இருந்தோ, கேழ்வரகுல இருந்தோ கால்சியம் நேரா போயி அங்க ஒட்டுறது கிடையாது. இதழுக்குள்ள கொழுப்பு புகுந்து, புண்ணாகி, அங்க இருக்கிற செல்லுங்களே எலும்பு உண்டாக்குற செல்லு மாதிரி மாறிடுது. சில பேரோட வால்வ வெட்டி எடுத்து பாத்தா நிஜமாவே எலும்புத்துண்டு இருந்திருக்கு. கொழுப்புதான் ஆரம்பம்னா கொலஸ்ட்ரால் மாத்திரையில நிக்கும்னு நெனைச்சு பெரிய பெரிய ஆய்வு பண்ணி பாத்தாங்க, நிக்கல. சுருங்கின வால்வ திரும்ப விரிக்கிற மாத்திரை எதுவும் இன்னைக்கு வரைக்கும் கிடையாது. கஷாயமும் கிடையாது, அப்படி யாராச்சும் விக்கிறாங்கன்னா நம்பாதீங்க.

52 வயசுலயே மாமாவுக்கு ஏன் வந்துச்சுன்னா, அவருக்கு பிறக்கும்போதே மூணு இதழுக்கு பதிலா ரெண்டுதான். நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு இப்படி இருக்கு, ஆம்பளைங்களுக்கு கூடுதல். ரெண்டு இதழ் வால்வும் வேலை செய்யும், ஆனா இழுவிசை சரிசமமா பிரியாததால 20, 30 வருஷம் முன்னாடியே தேஞ்சு கெட்டியாகிடும். இது குடும்பத்துல ஓடலாம், கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்கன்னு நேர் ரத்த உறவுல பத்துல ஒருத்தருக்கு இருக்க வாய்ப்பு உண்டுங்கிறாங்க. அதனால மாமா பையனுக்கும் எங்க அம்மாவுக்கும் எக்கோ எடுத்தோம், ரெண்டு பேருக்கும் மூணு இதழ், நல்லாருக்கு. கூடவே வால்வுக்கு மேல இருக்கிற மகாதமனி விரிஞ்சிருக்கான்னும் பாக்கணும், ரெண்டு இதழ்காரங்களுக்கு அது பலவீனமா இருக்கும்.

மூணாவது காரணம் நம்ம மலைப்பக்கத்துக்கு முக்கியம். சின்ன பிள்ளைங்களுக்கு, 5லருந்து 15 வயசுக்குள்ள, ஒரு வகை பாக்டீரியாவால தொண்டைப்புண் வரும். சரியா மருந்து குடுக்காம விட்டா சில பிள்ளைகளுக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஜுரம், முட்டி வீங்கி வலி, ஒரு முட்டி சரியாகி அடுத்த முட்டின்னு மாறி மாறி வரும். அதுக்கு பேரு ருமாட்டிக் காய்ச்சல். கிருமிய அடிக்க உண்டான எதிர்ப்பு சக்தி ஆள் மாறி வால்வையே அடிக்கிறதுதான் இது. இதயத்தோட இடது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்கிற மைட்ரல் வால்வுதான் முதல்ல அடிபடும், அடுத்தது மகாதமனி வால்வு. இத தடுக்க 3 வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி, பல வருஷம், விடாம. அஞ்செட்டி, தளி, பென்னாகரம் பக்கம் மலை கிராமத்துல இருந்து 21 நாளைக்கு ஒரு தடவை கூலிய விட்டுட்டு பிள்ளைய தூக்கிக்கிட்டு பஸ் ஏறி வர்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு தெரியும். ஆனாலும் அந்த ஊசி விலை கம்மி, அது தடுக்கிறது ஒரு நெஞ்ச பிளக்குற ஆபரேஷன. பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகள பரிசோதிக்கிற அரசு திட்டத்துல இந்த நோயும் சேந்துதான் இருக்கு, அன்னைக்கு பிள்ளைய லீவு போட வைக்காதீங்க.

கண்டுபிடிக்கிறதுக்கு ஸ்டெதஸ்கோப்பும் எக்கோவும் போதும். எக்கோங்கிறது கர்ப்பிணிக்கு எடுக்கிற ஸ்கேன் மாதிரிதான், வலி கிடையாது. ரத்தம் வால்வ தாண்டுற வேகத்த அளப்பாங்க, நல்ல வால்வுல நொடிக்கு ஒண்ணு ஒண்ணரை மீட்டர் இருக்கும், 4 மீட்டர தொட்டா கடுமைனு அர்த்தம். ஓஸ் பைப் வாய விரலால அழுத்தினா தண்ணி சீறுதே அதே கணக்கு. ஒரு எச்சரிக்கை, மயக்கம் மூச்சுத்திணறல்னு இருக்கிறவங்கள வால்வ பாக்காம டிரெட்மில்ல ஓட விடக்கூடாது, நெஞ்சு வலிக்குன்னு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையும் இந்த சுருக்கம் இருக்கிறவங்களுக்கு பிபிய சட்டுனு இறக்கிடும்.

சரி பண்ண ஒரே வழி மாத்துறதுதான். நெஞ்செலும்ப பிளந்து, இதயத்த நிறுத்தி, ரத்தத்த மிஷின்ல ஓட விட்டு, கெட்ட வால்வ வெட்டி எடுத்து, சுத்தி தையல் போட்டு புதுச உக்கார வைப்பாங்க. 1952ல அமெரிக்காவுல ஹஃப்னகல்ங்கிறவரு மொதமொதலா ஒரு பிளாஸ்டிக் பந்து வால்வ போட்டாரு, அதுவும் சரியான இடத்துல வைக்க வழி இல்லாம மகாதமனியில கீழ தள்ளி வச்சாரு. 1960லதான் உரிய இடத்துல வைக்க முடிஞ்சுது. நம்ம நாட்டு கதைய நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவேன். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையத்துல டாக்டர் வலியத்தான் தலைமையில டாக்டருங்களும் இன்ஜினியருங்களும் சேந்து வருஷக்கணக்கா உழைச்சாங்க, மூணு மாடல் ஃபெயில் ஆச்சு, உள்ள ஆடுற தட்டுக்கு செயற்கை நீலக்கல் கூட போட்டு பாத்தாங்க, அதுவும் சரிப்படல. நாலாவதுலதான் கோபால்ட் குரோம் கூட்டுல பிளாஸ்டிக் தட்டு போட்டு 1990 டிசம்பர்ல மொத ஆளுக்கு வச்சாங்க. வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத எத்தனையோ குடும்பத்துக்கு அந்த சித்திரா வால்வு உயிர் குடுத்திருக்கு, இதுவரைக்கும் 1 லட்சம் பேருக்கு மேல. தேயிற இடத்துல கெட்டியான பொருள விட வழுக்குற பொருள் நல்லதுன்னு பம்பு பேரிங்ல நாங்க பாக்கிறதுதான், அது இதயத்துக்குள்ளயும் அப்படியே இருக்குங்கிறது எனக்கு இப்பவும் ஆச்சரியம்.

உலோக வால்வா, மாட்டு இதய உறையிலயோ பன்னி வால்வுலயோ செய்யுற திசு வால்வாங்கிறது பெரிய முடிவு. உலோகம் தேயாது, ஆனா ரத்தம் அதுமேல உறையும், சாகுற வரைக்கும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடணும். திசு வால்வுக்கு அந்த மாத்திரை பெரும்பாலும் மொத சில மாசம்தான், ஆனா 10, 15 வருஷத்துல அதுவும் கெட்டுப்போகும், வயசு குறைஞ்சவங்களுக்கு இன்னும் சீக்கிரம். பொதுவா 50க்கு கீழ உலோகம், 65க்கு மேல திசு, நடுவுல பேசி முடிவு பண்ணுவாங்க. ரொம்ப வயசானவங்களுக்கு தொடை ரத்தக்குழாய் வழியா மடக்கின வால்வ கொண்டு போயி, பழச ஓரமா நெரிச்சுட்டு விரிச்சு வைக்கிற முறையும் இருக்கு, 2002 ஏப்ரல்ல பிரான்ஸ்ல அலன் கிரிபியே ஆரம்பிச்சாரு, இப்ப நம்ம ஊர்லயும் பண்றாங்க, டாவின்னு சொல்லுவாங்க, விலைதான் இன்னும் பல லட்சம். நெஞ்ச திறந்து பண்ற ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில வருது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும், அட்டை இல்லாதவங்க நோய் வர்ற வரைக்கும் காத்திருக்காம கலெக்டர் ஆபீஸ்ல போயி எடுத்து வைங்க. நம்ம பக்கத்துலருந்து இதுக்கு சேலமோ பெங்களூரோதான் அதிகம் போறாங்க.

மாமா உலோகம்னு முடிவு பண்ணாரு, இன்னொரு தடவை நெஞ்ச பிளக்க என்னால முடியாதுடான்னாரு. இப்ப தினமும் சாயந்தரம் ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை, மாசம் ஒரு தடவை ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கிற ஐஎன்ஆர் டெஸ்ட்டு, அது 2க்கும் 3க்கும் நடுவுல நிக்கணும். குறைஞ்சா வால்வுல ரத்தம் கட்டி பக்கவாதம், ஏறினா எங்கயாச்சும் ரத்தம் கசியும். கீரைய விடச் சொல்லிட்டாங்கன்னு அத்தை மொதல்ல அழுதாங்க, அப்படி இல்ல, கீரையில இருக்கிற வைட்டமின் கே மாத்திரைய எதிர்க்கும், அதனால ஒரு வாரம் முருங்கை கீரையா தின்னுட்டு அடுத்த வாரம் சுத்தமா விடுறதுதான் தப்பு, வாரா வாரம் ஒரே அளவா இருந்தா மாத்திரைய அதுக்கு தகுந்த மாதிரி வச்சுடுவாங்க. உடம்பு வலிக்குன்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கி போடுறதும், இடுப்புல ஊசி போட்டுக்கிறதும் நிறுத்தியாச்சு, இது நம்ம ஊர் பழக்கத்துக்கு கஷ்டம்தான், ஆனா முடியாதுன்னா முடியாதுதான்.

போன மாசம் அவருக்கு கடவாப்பல்லு எடுக்க வேண்டி வந்துச்சு. செயற்கை வால்வு இருக்கிறவங்களுக்கு பல்லுல இருந்து ரத்தத்துல கலக்குற கிருமி நேரா வால்வுல போயி உக்காந்துக்கும். அதனால தருமபுரியில பல் டாக்டர்கிட்ட உள்ள நுழையும்போதே மாமா சட்டைப்பையில இருந்து வால்வு அட்டைய எடுத்து நீட்டினாரு. அவரு பாத்துட்டு இன்னைக்கு வேண்டாம், ஐஎன்ஆர் ரிசல்ட்டோட வாங்கன்னு சொல்லி, மறு தடவை ஒரு மணி நேரம் முன்னாடி ஆன்டிபயாட்டிக் போட வச்சு உக்கார வச்சுத்தான் பல்ல தொட்டாரு.